பீடோங்ல இருந்து வான் மாட் சமான் கால்வாய் வழியா மூணு நாள் சைக்கிள் பயணம்: கூட்டாளிங்களோட போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

நான் மலேசியாவுல, கெடா மாநிலத்துல, பீடோங் பக்கத்துல ஒரு தோட்டத்துல பொறந்து வளந்தவன். எங்க தாத்தா காலைல அஞ்சு மணிக்கெல்லாம் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துல ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு, சைக்கிள்ல தான் போவாரு, பின்னாடி கேரியர்ல ரெண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்கும், அந்த சைக்கிள் பிரேக் கம்பி சத்தம் கேட்டா தான் வீட்டுல எல்லாரும் எந்திரிப்போம். அதனால சைக்கிள்ல தூரம் போறதுங்கறது நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா ஜாலிக்காக, கூட்டாளிங்களோட சேந்து, மூணு நாள், நெல் வயலுக்கு நடுவுல ஒரு கால்வாய ஒட்டியே போயிட்டு வர்றது வேற விஷயம், அத எப்படி செய்யணும்னு தமிழ்ல யாரும் முழுசா எழுதி நான் பாக்கல. மூணு தடவை போயிட்டு வந்துட்டேன், தெரிஞ்சத எல்லாம் இங்க சொல்லிடறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், மீதி எல்லாமே இத வச்சு தான் வரும். இந்த ரூட்டுல தூரம் பெரிய பிரச்சனை இல்ல, ஏத்தமும் கம்மி. பிரச்சனை வெயில். கால்வாய் நேரா போவும், ரெண்டு பக்கமும் வயல், தோட்டத்துல மாதிரி மர நிழல் கிடையாது. பீடோங்ல செம்பனைக்கு (பாம் ஆயில் மரத்துக்கு) அடியில சைக்கிள் ஓட்டி பழகுனவன் அங்க போனதும் ரெண்டு மணி நேரத்துல சுருண்டுடுவான். அதனால உங்க பிளான் முழுக்க ஒரே ஒரு கேள்விக்கு பதிலா இருக்கணும்: குழுவுலயே மெதுவா வர்ற ஆளு காலைல 11 மணிக்குள்ள எங்க இருப்பான்?

ரூட்டு எப்படின்னா

பீடோங்ல இருந்து பழைய கூட்டரசு சடக்கு, அதாவது 1-ஆம் நம்பர் ரோடு, அத புடிச்சு வடக்க குரூண் வரைக்கும் சுமார் 15 கிலோமீட்டர். பிளஸ் ஹைவேல சைக்கிளுக்கு அனுமதி இல்ல, கூகிள் மேப்புல காடிக்கு (காருக்கு) வழி கேட்டா அது உங்கள டோல்லுக்கு கொண்டு போயி விட்டுடும், அதனால மேப்புல சைக்கிள் இல்லேன்னா நடக்குற வழிய போட்டு பாருங்க. குரூண் தாண்டி குனோங் ஜெராய் மலை அடிவாரத்துல இருந்து வான் மாட் சமான் கால்வாய் ஆரம்பிச்சு அலோர்ஸ்டார்ல கெடா ஆத்துல போயி சேருது, மொத்தம் சுமார் 36 கிலோமீட்டர். குவார் செம்பெடாக், கோத்தா சாராங் செமுட், சிம்பாங் அம்பாட், அப்புறம் அலோர்ஸ்டார், இது தான் வரிசை. ரெண்டாம் நாள் அலோர்ஸ்டார்லயே சுத்துறது. மூணாம் நாள் கோலக் கெடா, யான், மெர்போக், செமெலிங் வழியா கடல் பக்கமா இறங்கி ஜெராய் மலைய ஒரு சுத்து சுத்தி பீடோங் வந்து சேரணும், அது 70 கிலோமீட்டருக்கு மேல வரும்.

அங்க போயி "கால்வாய்"னு கேட்டா கம்பத்துல (மலாய் கிராமத்துல) யாருக்கும் புரியாது, "தெருசான் வான் மாட் சமான்"னு கேளுங்க. வயலுக்கு தண்ணி போற சின்ன வாய்க்கால எல்லாம் "தாலி ஆயர்"னு சொல்லுவாங்க. இந்த ரெண்டு வார்த்த போதும், வழி தவற மாட்டீங்க.

இந்த கால்வாய் எப்படி வந்ததுன்னு தெரிஞ்சுகிட்டு ஓட்டுனா அந்த நேர்கோட்டுக்கு ஒரு அர்த்தம் வரும். 1885-ல வான் முகமட் சமான்னு கெடாவோட மந்திரி பெசார் (முதலமைச்சர்) வெட்ட ஆரம்பிச்சது, அப்ப சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா ஆட்சி. அதுக்கு முன்னாடி அந்த சமவெளியில பாதி சதுப்பு நிலம். தண்ணிய வடிச்சு கால்வாய்க்குள்ள இறக்குனதுக்கு அப்புறம் தான் ரெண்டு பக்கமும் நெல்லு போட முடிஞ்சது, படகுல நெல்லு கொண்டு போவவும் முடிஞ்சது. மெஷின் இல்லாத காலம், எல்லாம் மண்வெட்டியும் கூடையும் தான். ராத்திரியில தூரத்துல பந்தம் கொளுத்தி வச்சு அந்த வெளிச்சத்த வரிசையா பாத்து நேர்கோடு புடிச்சாங்கன்னு அங்க உள்ளவங்க சொல்லுவாங்க. பாலத்து மேல நின்னு ஒரு கண்ண மூடி பாருங்க, தண்ணி ஒரு கயிறு இழுத்து கட்டுன மாதிரி போவும். எங்க ஆளுங்க காட்ட வெட்டி தோட்டம் போட்ட கதைய கேட்டே வளந்தவன் நான், அதே மாதிரி யாரோ கையால வெட்டுன கால்வாய் இதுன்னு நினைச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனக்கும்.

எப்ப போறது

ஜனவரி கடைசி, பிப்ரவரி. கெடாவுல அப்ப மழை கம்மி, வயலும் பழுத்து மஞ்சளா நிக்கும், சில இடத்துல அறுவடை மெஷின் இறங்கி இருக்கும். மூடா பாசனத் திட்டம் வந்து, அத பாத்துக்குற மாடா வாரியம் 1970-ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இங்க வருஷத்துக்கு ரெண்டு போகம், அதனால ஆகஸ்ட், செப்டம்பர் பக்கமும் ஒரு அறுவடை உண்டு, ஆனா செப்டம்பர் அக்டோபர்ல மழை வந்துடும், செம்மண் பாதை எல்லாம் சேறாயிடும். அறுவடை முடிஞ்ச உடனே சில வயல்ல வைக்கோல கொளுத்துவாங்க, அந்த பொகைல மூச்சு வாங்கி சைக்கிள் மிதிக்கிறது நெஞ்சுக்கு நல்லதில்ல, ஆஸ்துமா உள்ள கூட்டாளி இருந்தா அறுவடைக்கு கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. தைப்பூசம் எப்ப வருதுன்னு பாத்துக்கோங்க, நம்ம ஆளுங்க பாதி பேரு அப்ப விரதம். நோன்பு மாசத்துலயும் வேண்டாம், பகல்ல கம்பத்து கடைங்க மூடி இருக்கும், சாப்பாட்டுக்கு அலையணும்.

ஜனவரி பிப்ரவரியில காத்து வடகிழக்குல இருந்து அடிக்கும். முதல் நாள் வடக்க போறப்ப முகத்துலயே அடிக்கும், மூணாம் நாள் திரும்பி வர்றப்ப முதுகுல தள்ளும். இது நல்லதுக்கு தான், தெம்பு இருக்கறப்ப எதிர் காத்து, களைச்சு போனப்ப உதவி. அதனால தான் கடல் வழியா போயி கால்வாய் வழியா திரும்பாம இப்படி சுத்துறோம்.

கிழமையும் பாக்கணும். கெடாவுல வெள்ளி, சனி தான் லீவு, ஞாயிறு வேலை நாள். நாங்க வியாழன் ஒரு நாள் லீவு போட்டு கிளம்பி சனிக்கிழமை திரும்பிடுவோம். கோலாலம்பூர்ல இருந்து வர்ற கூட்டாளிக்கு இது மறந்து போவும், வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்துல கடைய சாத்திட்டு போயிடுவாங்கன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

நேரம் பத்தி ஒண்ணு. நம்ம நாட்டு கடிகாரம் சூரியனுக்கு முன்னாடி ஓடுது. ஜனவரியில கெடாவுல சூரியன் வர்றப்பவே காலைல ஏழு இருபத்தஞ்சு ஆயிடும், உச்சி வெயில் 12 மணிக்கு இல்ல, கிட்டத்தட்ட ஒன்றரை மணிக்கு. அதுக்கு அப்புறம் மூணு மணி வரைக்கும் சூடு ஏறிகிட்டே தான் இருக்கும். "12 மணி ஆச்சு, இனிமே குறையும்"னு நினைச்சு ஓட்டுனா மாட்டிக்குவீங்க.

யாரு யாரு வர்றா

நாலுல இருந்து ஆறு பேரு. ஏழு பேருக்கு மேல ஆச்சுன்னா ஒவ்வொரு கடையிலயும் முக்கா மணி நேரம் போயிடும், வெயில் காத்துகிட்டு இருக்காது.

எங்க முதல் பயணத்துல நடந்தத சொல்றேன். அஞ்சு பேரு. எட்டு மணிக்கு கிளம்பலாம்னு பேசி வச்சோம், ஒருத்தன் லேட்டு, ஒருத்தனுக்கு டியூப் வாங்கணும், கடை திறக்கவே ஒன்பதரை. குவார் செம்பெடாக் தாண்டுறப்ப மணி ஒண்ணு. எங்கள்ல ஒருத்தன், நல்லா பந்து விளையாடுறவன், உடம்புல எந்த குறையும் இல்லாதவன், பின்னாடி வந்துகிட்டு இருந்தான். திரும்பி பாத்தா காணோம். நாங்க ரெண்டு பேரு திரும்பி போயி பாத்தா ஒரு பாலத்து ஓரமா உக்காந்திருக்கான், முகம் செவந்து போயி, என்ன கேட்டாலும் சம்பந்தம் இல்லாம பதில் சொல்றான். கைய தொட்டு பாத்தேன், வேர்வையே இல்ல, சட்டியில வச்ச மாதிரி சூடு. அங்க இருந்த ஒரு மலாய் அம்மா தான் வீட்டுக்குள்ள கூப்பிட்டு போயி, தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணி ஊத்தி, துண்ட நனைச்சு கழுத்துலயும் அக்குள்லயும் வச்சு, விசிறி போட்டு படுக்க வச்சாங்க. அவங்க மகன் காடியில ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். நல்லா ஆயிட்டான், ஆனா அன்னைக்கு நாங்க முன்னாடி வேகமா போனது தப்பு, அத நான் இன்னும் மறக்கல.

அன்னைல இருந்து இது தான் எங்க சட்டம். மெதுவா ஓட்டுறவன் ரெண்டாவது இடத்துல வருவான், கடைசியில இல்ல. முன்னாடி போறவன் அவன் மூச்சு சத்தத்த கேட்டு தான் வேகத்த வைக்கணும். கடைசியில நல்லா பலம் உள்ளவன், அவன்கிட்ட தான் மருந்து பையும் டூல்ஸும். ஒவ்வொரு சிம்பாங்லயும் (ரோடு பிரியற இடத்துலயும்) கடைசி ஆளு கண்ணுக்கு தெரியற வரைக்கும் நிக்கணும். 10 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் கண்டிப்பா நிறுத்தணும், களைப்பு இல்லேன்னாலும். யாராவது "நீங்க போங்க, நான் வந்துடறேன்"னு சொன்னா அவன விட்டுட்டு போவாதீங்க, அப்படி சொல்றவன் தான் முதல்ல விழுவான்.

காசு விஷயம் சீக்கிரம் முடிச்சிடலாம். ஆளுக்கு 250 வெள்ளி (ரிங்கிட்) ஒரே பையில போட்டு ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க, ரூம், சாப்பாடு, தண்ணி எல்லாம் அதுல இருந்து. ரெண்டு ராத்திரியும் அலோர்ஸ்டார்ல ஒரே ஹோட்டல் போட்டா மூட்டைய ரெண்டாம் நாள் தூக்க வேண்டாம். ரூம் போடுறப்பவே சைக்கிள உள்ள வைக்க விடுவாங்களான்னு கேட்டுக்கோங்க.

சைக்கிள்

விலை கூடுன சைக்கிள் தேவையே இல்ல. எங்க குழுவுல ஒருத்தர் பழைய மவுண்டன் பைக்ல தான் மூணு தடவையும் வந்தாரு. டயர் தான் முக்கியம். ரோட் பைக்கோட ஒல்லி டயர் கால்வாய் ஓரத்து செம்மண்லயும் கல்லுலயும் தாங்காது, 35-ல இருந்து 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தா நல்லது. தார் சடக்குல 50, 55 பிஎஸ்ஐ காத்து வச்சுக்கோங்க, செம்மண்ல இறங்குறப்ப ஒரு 45-க்கு குறைச்சுட்டா கை வலிக்காது. கனமான ஆளா இருந்தா கொஞ்சம் கூட்டிக்கோங்க.

சீட்டு உயரம் பாருங்க. பெடல் கீழ வந்தப்ப குதிகால வச்சா முட்டி நேரா ஆகணும், அப்புறம் பாதத்தோட முன் பகுதிய வச்சு மிதிச்சா லேசா மடங்கும், அது தான் சரியான உயரம். நம்ம ஊருல நிறைய பேரு சீட்ட ரொம்ப இறக்கி வச்சு ஓட்டுறாங்க, ஒரு மணி நேரத்துக்கு தெரியாது, மூணாம் நாள் முட்டி வீங்கிடும்.

கிளம்ப ஒரு வாரம் முன்னாடி சைக்கிள கடையில குடுத்து செயின், பிரேக் கட்டை, வீல் கம்பி எல்லாம் பாக்க சொல்லுங்க. கிளம்புறதுக்கு முந்துன நாள் குடுக்காதீங்க. ஒரு கடையில எனக்கு வால்வு நீளம் பத்தாத டியூப் போட்டு அனுப்பிட்டாங்க, வீட்டுல வந்து பம்பு மாட்டுறப்ப தான் தெரிஞ்சது, நல்ல வேளை கைல நாலு நாள் இருந்தது.

தோட்டத்து சடக்குல பழகுங்க

ஆறு வாரம் போதும். முதல் ரெண்டு வாரம் 20 கிலோமீட்டர், அடுத்து 35, அதுக்கு அப்புறம் மூட்டைய மாட்டிகிட்டு 50. செம்பனை தோட்டத்துக்குள்ள இருக்கிற செம்மண் சடக்கு கால்வாய் ஓரத்து பாதை மாதிரியே இருக்கும், அங்க பழகுனா கை, இடுப்பு எல்லாம் தயாராயிடும், உள்ள போறப்ப கார்டுகிட்ட சொல்லிட்டு போங்க, பழம் ஏத்துற லோரி வளைவுல வேகமா வரும். கடைசி ரெண்டு வாரத்துல அடிக்கடி காலைல பத்து மணிக்கு நிழல் இல்லாத டவுன் சடக்குல ஓட்டி பாருங்க. வெயிலுக்கு உடம்பு பழக பத்து, பதினாலு நாள் ஆவும், அத குறுக்கு வழியில கொண்டு வர முடியாது.

பையில என்ன

கம்மியா கொண்டு போங்க. உடுத்தி இருக்கிறது போக ரெண்டு செட் துணி போதும், ராத்திரி அலசி போட்டா காத்துல காலைக்குள்ள காஞ்சிடும். பின் கேரியர்ல ரெண்டு பக்கமும் சமமா எடை இருக்கணும், எங்க தாத்தா பால் வாளி ரெண்டையும் தூக்கி பாத்து சமம் பண்ணிட்டு தான் ஏறுவாரு, அதே கணக்கு தான். பைக்குள்ள ஒரு பெரிய குப்பை பிளாஸ்டிக்க விரிச்சு அதுக்குள்ள துணிய வைங்க, மழை வந்தா கவலை இல்ல.

ஆளுக்கு ரெண்டு டியூப், குழுவுக்கு ஒரு நல்ல பம்பு, பேட்ச், டயர் கழட்டுற பிளாஸ்டிக் லிவர், அலன் கீ செட், செயின் லிங்க் ரெண்டு, கேபிள் டை ஒரு கட்டு, மின்சார டேப். முன்னாடி வெள்ளை லைட்டு, பின்னாடி செவப்பு லைட்டு எல்லாருக்கும், காலைல இருட்டுல கிளம்புறோம். முழுக்கை மெல்லிசு சட்டை, கழுத்துக்கு துணி, தலைக்கு தொப்பி இல்லேன்னா ஹெல்மெட்.

தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எப்பவும் சைக்கிள்ல இருக்கணும். மணிக்கு அரை லிட்டர்ல இருந்து முக்கா லிட்டர் குடிக்கணும், தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்க கூடாது. வெறும் தண்ணியே குடிச்சுகிட்டு இருந்தாலும் தப்பு, வேர்வையில உப்பு போயிடும், தலை சுத்தும். ஓஆர்எஸ் பாக்கெட், இல்லேன்னா ஹன்ட்ரட் பிளஸ் பானம், கூடவே சீனன் கடையில விக்கிற அசாம் போய் (உப்பு போட்டு காய வச்ச பிளம் பழம்) ஒரு பாக்கெட் பாக்கெட்டுல வச்சுக்கோங்க. உப்பும் புளிப்புமா ஒண்ணு வாயில போட்டா அந்த நேர்கோட்டுல அடுத்த அஞ்சு கிலோமீட்டர் தெரியாது.

முதல் நாள்: பீடோங்ல இருந்து அலோர்ஸ்டார்

அஞ்சரைக்கு எந்திரிச்சு வீட்டுலயே பசியாறிட்டு வந்துடுங்க. ஆறரைக்கு டவுன்ல கூடி, ஒவ்வொரு சைக்கிளுக்கும் பிரேக், டயர், கேரியர் ஸ்குரு தட்டி பாத்துட்டு, ஆறே முக்காலுக்கு லைட்ட போட்டுகிட்டு கிளம்பிடணும். குரூண் வரைக்கும் பழைய சடக்கு, லோரி உண்டு, ஒத்தை வரிசையா இடது ஓரமா போங்க. பின்னாடி இருக்கறவன் "லோரி!"ன்னு சத்தம் போடணும், அத முன்னாடி வரைக்கும் சொல்லி அனுப்பணும். லோரி தாண்டுறப்ப காத்து முதல்ல வெளிய தள்ளும், அப்புறம் உள்ள இழுக்கும், ஹேண்டில் பார இறுக்கி புடிக்காம லேசா புடிச்சு நேரா போங்க.

எட்டு மணிக்கு குரூண். அங்க தெ ஓவும் (பால் இல்லாத டீ) ரொட்டி சானாயும், இருபது நிமிஷத்துக்கு மேல வேண்டாம். அதுக்கு அப்புறம் இடது பக்கம் ஜெராய் மலை, மேகம் உச்சியில தொப்பி மாதிரி உக்காந்திருக்கும். கொஞ்ச தூரத்துல செம்பனை முடிஞ்சு ஒரேயடியா வானம் திறந்துக்கும். தோட்டத்துலயே வளந்தவங்களுக்கு அந்த இடம் மறக்காது, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மறைக்க ஒண்ணும் இல்ல.

கால்வாய் கண்ணுக்கு தெரிஞ்சதும் பெரிய சடக்குக்கு எதிர் கரையில கம்பத்து பாதை இருக்கான்னு பாருங்க, பல இடத்துல இருக்கும், சின்ன பாலத்துல தாண்டிட்டா லோரி சத்தம் விட்டுடும். சில இடத்துல தார், சில இடத்துல செம்மண், சில இடத்துல பாதை வீட்டு வாசல்ல போயி முடிஞ்சிடும், அப்ப அடுத்த பாலத்துல திரும்ப இந்தப் பக்கம் வந்துடுங்க. வாசல் வழியா போறப்ப இறங்கி தள்ளிகிட்டு, சலாம் சொல்லி, ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க. இது வரைக்கும் யாரும் எங்கள தடுத்தது இல்ல.

வயல் ஓரத்துல உயரமான கம்பத்து மேல மரப்பெட்டி நிக்கிறத பாப்பீங்க. அது கூகை ஆந்தைக்கு கூடு, வயல் எலிய புடிக்கிறதுக்கு விவசாயிங்க வச்சிருக்காங்க. செம்பனை தோட்டத்துலயும் அதே பெட்டி உண்டு, நம்ம ஆளுங்களுக்கு பாத்த உடனே தெரிஞ்சிடும்.

கோத்தா சாராங் செமுட்ல ரெண்டாவது பயணத்துல எனக்கு பின் டயர் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கிகிட்டே இருந்தது. டியூப் மாத்துனேன், திரும்ப இறங்கிடுச்சு. ரெண்டாவது டியூபும் போச்சு. கால்வாய் படிக்கட்டுல உக்காந்து டியூப தண்ணியில அமுக்கி பாத்தா ஊசி முனை அளவுக்கு ஒரு குமிழி, ரெண்டு டியூப்லயும் அதே இடத்துல. டயருக்குள்ள விரல விட்டு தடவுனேன், ஒண்ணும் தெரியல. கூட்டாளி கைக்குட்டைய குடுத்து இத உள்ள விட்டு தேய்ச்சுகிட்டே சுத்துன்னு சொன்னான். ஒரு இடத்துல துணி நூல் மாட்டிகிச்சு. விலக்கி பாத்தா முடி மாதிரி ஒரு கம்பி, லோரி டயர் வெடிச்சு சிதறுறப்ப சடக்குல விழற கம்பி அது, டயர துளைச்சு உள்ள ஒரு மில்லிமீட்டர் தான் நீட்டிகிட்டு இருந்தது. நகத்தால புடிக்க முடியல, கட்டிங் பிளையர வச்சு இழுத்தோம். அதனால பஞ்சர் ஆனா டியூப மாத்தறதுக்கு முன்னாடி துணிய வச்சு டயருக்குள்ள முழு சுத்தும் தேய்ச்சு பாருங்க, டியூப் ஓட்டைய டயரோட ஒட்டி வச்சு பாத்தா எந்த இடம்னும் தெரிஞ்சிடும். டூல் பையில ஒரு குட்டி பிளையர் கண்டிப்பா.

கால்வாய் தண்ணியில கைய நனைச்சா சோப்பு போட்டு கழுவிடுங்க, இறங்கி குளிக்கிறது வேண்டவே வேண்டாம். வயல் மருந்தும் அதுல தான் வடியும், எலியும் அங்க தான், காலுல சின்ன காயம் இருந்தாலும் கென்சிங் திக்குஸ் காய்ச்சல், அதாவது எலிக் காய்ச்சல், உள்ள வரலாம். திரும்பி வந்து ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் செவப்புன்னு வந்தா டாக்டர்கிட்ட கால்வாய் ஓரம் போயிட்டு வந்தேன்னு மறக்காம சொல்லுங்க.

மெதுவா போனாலும் பதினொண்ணு, பதினொன்றரைக்குள்ள சிம்பாங் அம்பாட் பக்கம் வந்துடலாம். அப்ப வெயில் பாருங்க. யாருக்காவது தலை வலி, வாந்தி வர்ற மாதிரி இருந்தா நிழல்ல உக்காந்து நாலு மணி வரைக்கும் தூங்குங்க, மீதி தூரத்த சாயங்காலம் போயிக்கலாம். எல்லாரும் நல்லா இருந்தா நேரா அலோர்ஸ்டார் போயி வாழை இலை சாப்பாடு. அன்னைக்கு மொத்தம் 50, 55 கிலோமீட்டர்.

ரெண்டாம் நாள்: அலோர்ஸ்டார்ல சுத்துறது

உக்கார எடம் வலிக்கும், அது எல்லாருக்கும் தான், ரெண்டாம் நாள் தான் ரொம்ப. அதனால கம்மியா ஓட்டுங்க. காலைல குனோங் கிரியாங், சமவெளி நடுவுல தனியா நிக்கிற சுண்ணாம்பு கல் மலை, 218 மீட்டர். அதுக்கு கீழ நெல் அருங்காட்சியகம், 2004-ல திறந்தது, மேல ஒரு வட்ட அறையில சுவர் முழுக்க நெல் வயல் ஓவியம், வட கொரியா ஓவியர்கள் வரைஞ்சது, நம்ம உக்கார்ற மேடை மெதுவா சுத்தும். நேத்து ஓட்டிகிட்டு வந்த சமவெளி முழுசும் அதுல விரிஞ்சிருக்கும். டவுன்ல 1912-ல கட்ட ஆரம்பிச்சு 1915-ல முடிச்ச ஸாஹிர் பள்ளிவாசல், அது எதிர்ல அரச இசைக்கருவிங்க வைக்கிற நோபாட் மண்டபம், சாயங்காலம் நடந்தே பாத்துடலாம். மீதி நேரம் தூங்குங்க, துணிய அலசுங்க, செயினுக்கு எண்ணெய் விடுங்க.

மூணாம் நாள்: கடல் பக்கமா வீட்டுக்கு

இது தான் நீளமான நாள். ஆறரைக்கே கிளம்பிடுங்க. கோலக் கெடா சுமார் 12 கிலோமீட்டர், ஆத்து முகத்துல பழைய கோட்டை இருக்கு, 1821-ல சயாம் படை வந்து கெடாவ புடிச்சப்ப சண்ட நடந்த இடம். அங்க லக்சா சாப்பிட்டுட்டு தெற்க யான் பக்கம் திரும்புங்க. முதுகுல காத்து, இடது பக்கம் வயல், நேர் எதிர்ல ஜெராய் மலை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகிகிட்டே வரும், முதல் நாள் முதுகுக்கு பின்னாடி விட்டுட்டு போன மலை. பத்தரை, பதினொண்ணுக்கு யான் வந்துடலாம். அங்க தித்தி ஹாயுன் அருவி, மலையில இருந்து வர்ற குளிர்ந்த தண்ணி, அந்த உச்சி வெயில் நேரத்த அங்க மரத்தடியில கழிச்சிடுங்க. மழை மேகம் மலை மேல கட்டுச்சுன்னா உடனே தண்ணிய விட்டு ஏறிடணும், வெள்ளம் சொல்லிட்டு வராது.

நாலு மணிக்கு மேல சிங்கிர் வழியா மெர்போக். இங்க தான் பயணத்துலயே சின்ன சின்ன ஏத்தம் வருது. கியர ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, பாதி ஏத்தத்துல மாத்துனா செயின் கழண்டுடும்.

மெர்போக்ல பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், பக்கத்துலயே புக்கிட் பத்து பாஹாட் கோயில் அடித்தளம். யான்ல இருந்து நாலு மணிக்கு கிளம்புனா அது சாத்தியிருக்கும், அதனால அத தனியா ஒரு நாள் வச்சுக்கோங்க, பீடோங்ல இருந்து காலைல போயிட்டு மத்தியானம் திரும்பிடலாம். ஆனா அந்த வழியா தாண்டுறப்ப ஒரு நிமிஷம் நில்லுங்க. 1025-ல ராஜேந்திர சோழன் படை எடுத்து வந்த கடாரம் இந்த மண்ணு தான். அவருக்கு முன்னாடியே நம்ம வணிகர்கள் இந்த மலைய கடல்ல இருந்து பாத்து அடையாளம் வச்சு கப்பல ஓட்டி வந்திருக்காங்க. அதே மலைய மூணு நாளா நம்மளும் அடையாளமா வச்சு தான் சுத்தி வந்திருக்கோம். செமெலிங் பக்கம் சுங்கை பத்துல பழைய காலத்துல இரும்பு உருக்குன இடத்த தோண்டி எடுத்து வச்சிருக்காங்க, அதுவும் அந்த தனி நாளுக்கு தான்.

செமெலிங் தாண்டுனதும் திரும்ப செம்பனை நிழல். இருட்டுறதுக்கு முன்னாடி, ஏழு மணிக்குள்ள பீடோங். கடைசி அஞ்சு கிலோமீட்டர்ல தான் நிறைய பேரு விழுவாங்க, வீடு வந்துடுச்சுன்னு கவனம் போயிடும், அதனால அங்கயும் ஒரு தடவை நிறுத்தி தண்ணி குடிங்க.

ஏதாவது ஆச்சுன்னா

குழப்பமா பேசுறது, வேர்வை நின்னு போறது, நடக்க தள்ளாடுறது, இதுல ஒண்ணு வந்தாலும் உடனே நிழல், உடம்பு முழுக்க தண்ணி, காத்து, 999. மயக்கத்துல இருக்கறவனுக்கு வாயில தண்ணி ஊத்தாதீங்க. கரையில கம்பத்து நாய் தொரத்துனா வேகமா மிதிக்காம இறங்கி சைக்கிள நடுவுல வச்சு நில்லுங்க, பெரும்பாலும் அதுவே திரும்பிடும். கடிச்சா சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு அன்னைக்கே கிளினிக்.

யாராவது ஓட்ட முடியாம போனா கேடிஎம் கொமுட்டர் ரயில் இருக்கு, அலோர்ஸ்டார், கோபா, குரூண், சுங்கைப் பட்டாணின்னு இந்த ரூட்டுக்கு பக்கத்துலயே போவுது. சைக்கிள ஏத்த விடுவாங்களான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல கேட்டு வச்சுக்கோங்க. இல்லேன்னா பீடோங்ல பிக்கப் வச்சிருக்கிற ஒரு ஆள்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, எங்களுக்கு எங்க மாமா, மூணு நாளும் போன ஆஃப் பண்ணாம வச்சிருப்பாரு.

திரும்பி வந்த அடுத்த நாள் காலைல சைக்கிள வெளிய எடுத்து செயின்ல ஒட்டி இருக்கிற செம்மண்ண டீசல் தொட்ட துணியால தொடச்சு, காஞ்சதும் எண்ணெய் விட்டு வைங்க, ஒரு வாரம் விட்டா துரு ஏறிடும். பையில மீதி காசு எவ்வளவு இருக்குன்னு எண்ணி பிரிச்சு குடுத்துட்டு, தீந்து போன டியூப், பேட்ச் எல்லாத்தையும் அன்னைக்கே வாங்கி டூல் பையில திரும்ப வச்சிடுங்க. நாங்க அடுத்த பிப்ரவரிக்கு பையன் ஒருத்தன கூட்டிகிட்டு போறோம், பதினாலு வயசு, இப்பவே தினமும் சாயங்காலம் தோட்டத்து சடக்குல ஓட்டிகிட்டு இருக்கான். அவன் தான் ரெண்டாவது இடத்துல வருவான்.